காப்புக் கட்டிய தோட்டம்

பால்காரரின் ஆடு ஒருநாள் கோயில் தோட்டத்து வேலிக்குள் தலையை நுழைத்துத் தூதுவளைக் கொடியைக் கடித்துவிட்டது. தோட்டத்தம்மா ஆட்டை அடிக்கவில்லை. பால்காரரைக் கூப்பிட்டுத் திட்டவும் இல்லை. மறுநாள் காலை பால்காரரின் ஊரான வடக்குத்துக்கு நடந்துபோய், அவர் வீட்டுக் கொல்லையில் பந்தலில் படர்ந்திருந்த அவரைக் கொடியிலிருந்து ஒரு கை இலையைப் பறித்து, அவர் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் போட்டாள். "உங்க ஆடு தின்னது இவ்ளோதான். ஒரு எல கூட சேத்துப் பறிக்கல, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். இதைப் பால்காரரே எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு வீடு பால் ஊற்றும்போது சொல்லிச் சிரித்தார். சிரித்தாலும் அன்றிலிருந்து அந்த ஆட்டுக் கழுத்தில் கயிறு ஏறிவிட்டது.

பிளாக் முழுக்க அவளைத் தோட்டத்தம்மா என்றுதான் சொல்லும். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. அவளிடம் எனக்கு இருந்தது பிரியமா பயமா என்பது இன்றைக்கும் பிடிபடவில்லை. கோபம் இருக்கிறது. அது மட்டும் நன்றாகத் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நெய்வேலி நகரியத்தில் பாதி பிளாக்குகளுக்கு அப்போது சுவரே எழும்பவில்லை. சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்ட ஊர் ஒன்றின் அம்மனை, அந்த ஊர்க்காரர்கள் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் பிளாக்கின் கடைக்கோடியில் வைத்திருந்தார்கள். நாலு சுவரும் ஓட்டுக்கூரையும்தான் கோயில். அதன் பக்கவாட்டில் முள்வேலி போட்டு அவள் வளர்த்த தோட்டத்தில் நொச்சி, கீழாநெல்லி, பொடுதலை, தூதுவளை, கற்பூரவல்லி, துளசி, ஆடாதொடை என்று ஊருக்கு என்ன நோவு வந்தாலும் ஒரு இலை இருந்தது. அம்மனுக்குச் சார்த்தும் பூ ஒன்றுகூட அங்கே கிடையாது. அந்தச் செடிகளே அம்மனின் உடம்பு, அதில் தனியாக எதற்குப் பூ என்பாள்.

சுரங்கத்திலிருந்து இரவும் பகலும் இறைத்துவிடும் தண்ணீர் கோயிலுக்குப் பின்னால் கால்வாயாக ஓடியது. அதைக் குடம் குடமாக மொண்டு ஊற்றுவாள். "ஊர முழுங்கனவன்தான தண்ணி ஊத்தணும்? ஊத்தட்டும்" என்று கால்வாயைப் பார்த்துச் சொல்லிக்கொள்வாள். நாற்பது வயதைத் தாண்டியவள். நெடுநெடுவென்று இருப்பாள். விரல் நகங்களில் பச்சைச் சாறு ஏறிக் கறுத்திருக்கும். சிரித்து நான் பார்த்ததில்லை என்று சொன்னால் பொய். ஒருதடவை பார்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பெரிய அதிகாரியின் மனைவி, அவள் கீரைக்கட்டு கொண்டுபோனபோது, "கேட்டுக்கு வெளியிலயே நில்லு, உள்ள வராதே" என்று சொல்லியிருக்கிறாள். மழைக்காலத்தில் அந்த வீட்டுக் குழந்தைக்கு மாந்தம் வந்தது. அந்த அம்மாள் கார் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். இவள் பொடுதலையைப் பறித்து, அரைக்கும் விதத்தையும் பொறுமையாகச் சொல்லி, இலையை வேலிக்கு மேலே நீட்டினாள். வேலிக்கதவு திறந்துதான் கிடந்தது. அந்த அம்மாள் காலை உள்ளே வைக்கப் போனாள். "வெளியிலயே நில்லும்மா. உள்ள வராத" என்றாள் இவள். குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அந்த அம்மாளின் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நானும் ஒருநாள் நின்றிருக்கிறேன்.

மருந்து கேட்டு வந்தவர்களை இல்லை என்று மட்டும் அனுப்பமாட்டாள். அது அவள் அம்மனுக்குக் கொடுத்த வாக்கு. ஆனால் அங்கே யாரும் போனதும் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்துவிட முடியாது. செடியிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். யாருக்கு என்ன நோவு என்று சொல்லி, உன் உடம்பில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன், உன் உயிர் உன்னிடமே இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் கிள்ள வேண்டும். வேர் மருந்து என்றால் செடி முழுதாகப் போய்விடும் இல்லையா, அதற்குச் சடங்கு இன்னும் பெரியது. முதல்நாள் சாயங்காலமே மஞ்சள் நூலால் அதற்குக் காப்புக் கட்டி, விடியலில் வந்து உன்னை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். காப்புக் கட்டிய செடி அவர்களுக்காகக் காத்திருக்குமாம். கட்டிவிட்டு வராமல் போனவர்களின் கையால் அதற்குப் பிறகு எந்த மருந்தும் பலிக்காதாம்.

இதெல்லாம் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்திலும் உண்டு. ஆனால் இவள் கேட்கச் சொல்லிக்கொடுத்ததில் கடைசியாக ஒரு வரி இருந்தது. அதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

"உன்ன வேரோட பொரட்டுனவன் கை வெளங்காமப் போவட்டும்."

எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ வந்து குடியேறிய ஜனம் அந்த வரியைத் தங்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லிற்று. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி மலையாளம் கலந்து சொல்வாள். ஷிப்டு முடிந்து கரியும் புழுதியுமாக வருகிற ஆட்கள் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். யாரை வைகிறோம் என்று யாரும் கேட்டதில்லை. இலை கிடைத்தால் போதும்.

என் மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு இழுக்கும். முதல்தடவை நான் போனபோது, எந்த வீடு, எந்த ஊர், வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று விசாரித்தாள். நானும் பெருமையாகச் சொன்னேன். "புல்டோசர் ஆபரேட்டரு அக்கா. இப்ப பெர்மனன்ட் ஆயிட்டாங்க. அதுக்கு முன்னாடி காண்ட்ராக்டர்கிட்ட இருந்தாங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல நெலத்தையெல்லாம் மட்டம் பண்ணினதே அவுங்கதான்." அவள் கற்பூரவல்லியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க ஊர்ப் பக்கமும் ஓட்டுனாரா?" என்றாள். ஊர்ப் பெயரைச் சொன்னாள். ஆமாம் என்று தலையாட்டினேன். என் மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, செடியிடம் எப்படிக் கேட்பது என்று எனக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தாள். கடைசி வரியை மட்டும் திரும்பவும் சொல்லச் சொன்னாள். "சத்தமா சொல்லு பொண்ணே. அதுக்குக் காது கேக்கணும்."

சத்தமாகத்தான் சொன்னேன். இதற்கு முன்னால் இப்படி ஒரு தோட்டத்தை எவனோ பாவி புரட்டியிருக்கிறானே என்று எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. கை விளங்காமல் போவதோடு என் பங்குக்கு இன்னும் ஒன்றிரண்டு சேர்த்தும் சொன்னேன். அப்போதுதான் அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

மகளுக்குச் சளி குறைந்தது. நான் போவது வழக்கமாகிவிட்டது. அந்த வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் என் கணவருக்கு வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் யாரோ கையைக் கழற்றி எடுத்துவிட்டதாகச் சொல்வார். ஆஸ்பத்திரியில் நரம்புக் கோளாறு என்றார்கள், ஊசி போட்டார்கள், ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். லிவரைப் பிடிக்க முடியாதவனை மெஷின் மேல் உட்கார வைக்க மாட்டார்கள். லைட் டூட்டி என்று ஸ்டோரில் போட்டுவிடுவார்கள் என்ற பேச்சு வந்தது. அவருக்கு அந்த டோசர்தான் எல்லாம். சோற்றைப் பிசைய முடியாததைவிட லிவரைப் பிடிக்க முடியாததுதான் அவரை அழவைத்தது.

நான் எங்கே போவேன்? தோட்டத்துக்குத்தான் போனேன். நொச்சிக்கு முன்னால் நின்று, என் புருஷனுக்குக் கை மரத்துப்போகிறது தாயே, நல்லாக்கிக் கொடு என்று கும்பிட்டேன். கும்பிட்ட வாயாலேயே கடைசி வரியையும் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. இலையைக் கட்டிக்கொடுத்துவிட்டு, "அவர ஒரு நாளு கூட்டிக்கினு வா. கையப் பாக்கணும்" என்றாள்.

கோயில் குளம் என்றால் அவர் எப்போதும் தட்டிக்கழிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போனேன். வேலி ஓரம் வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கை எப்புடி இருக்குது?" என்றாள்.

அவர் திரும்பி விறுவிறுவென்று நடந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் வாய் திறந்தார்.

"ஏ புள்ள, அது அந்தப் பொம்பள. அந்த ஊரைக் காலி பண்ணினப்ப, சாமியை எடுத்துட்டுப் போயிட்டாங்க, தோட்டம் மட்டும் நின்னுச்சு. வெள்ளிக்கிழமை விடியற வரைக்கும் வண்டிய இந்தப் பக்கம் விடாதே, செடியெல்லாம் பேத்து எடுத்துக்கறேன்னு கேட்டுச்சு. சரின்னுட்டேன்."

"அப்புறம்?"

"வியாழக்கிழமை சாயங்காலம் வந்து எல்லாத்துலயும் மஞ்ச நூலு கட்டிட்டுப் போச்சு. அது அந்தாண்ட மறைஞ்சதும் காண்ட்ராக்டரோட மேஸ்திரி வந்து நின்னுட்டாரு. காலையில வண்டி வேற எடத்துக்குப் போகணும், இப்பவே முடிங்கிறாரு. நான் என்ன செய்ய?"

"நூலு கட்டியிருந்தது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார்.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவர்மேல்தான். மீதிப் பாதியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன்.

"தெரிஞ்சேதான் என்னைச் சொல்ல வச்சீங்களா?" என்று கத்தினேன். "என் வாயாலயே என் புருஷனை வைய வச்சீங்களே, நீங்கள்லாம் ஒரு பொம்பளையா?"

அவள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "தெரிஞ்சிதான். எத்தினியோ பேரு சொன்னாங்க. ஒண்ணும் ஆவல. யாரோ எவனோன்னு சொல்றது எப்புடி கேக்கும்? பொண்டாட்டி சொன்னா கேக்கும்னு எனக்குத் தெரியும்."

அவள் தலைமயிரைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. நான் அழுதேன். அவள் அதற்கு மசியவில்லை.

"செடி போனதுக்கு நான் அழுவல. செடி எங்க வேணாலும் மொளைக்கும். நான் காப்பு கட்டிட்டு வந்தேன். விடிஞ்சி வந்து எடுத்துக்கறேன்னு ஒவ்வொண்ணுகிட்டயும் வாயால சொன்னேன். விடிஞ்சி போனா எல்லாம் மண்ணோட மண்ணா கெடக்குது. என் வாழ்நாள்ல நான் யாருக்கும் பொய் சொன்னதில்ல. உன் வூட்டுக்காரன் என்னைப் பொய்க்காரியாக்கிட்டான். அதுக்கு என்னா பதில் சொல்லுற?"

நான் விடவில்லை. "இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க. அவுங்க கை போச்சுன்னா எங்க பொழைப்பே போச்சு."

மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள். தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அவனையே வரச் சொல்லு. இங்க இருக்கற எல்லாச் செடிக்கும் அவன் கையால காப்பு கட்டட்டும். விடிஞ்சி வந்து எடுத்துக்கறேன்னு சொல்லட்டும். சொன்னபடி விடிஞ்சி வரட்டும். அதோட எனக்கும் அவனுக்கும் முடிஞ்சிபோச்சி. அந்த வார்த்தைய இனிமே யாரையும் சொல்லச் சொல்லமாட்டேன்."

ஒரு பொம்பளைக்கு முன்னால் மண்டி போடுவதா என்று அவர் முதலில் குதித்தார். ஒரு வாரத்தில் டம்ளரைப் பிடிக்கும்போதே நழுவியது. அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா போவோம்" என்றார்.

நூல்கண்டையும் மஞ்சளையும் அவள் கோயில் படியில் தயாராக வைத்திருந்தாள். அவர் ஒவ்வொரு செடியின் முன்னாலும் உட்கார்ந்தார். வலது கை ஒத்துழைக்கவில்லை. இடது கையால் நூலைச் சுற்றி, மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். தூதுவளை முள் உதட்டைக் கிழித்தது. நான் கட்டுகிறேன் என்று குனிந்தபோது, "நீ வேலிக்கு அந்தாண்ட போயி நில்லு" என்று அவள் சொன்னாள். போய் நின்றேன். முதல் இரண்டு மூன்று செடிகளுக்கு அவர் முணுமுணுத்தார். போகப் போகக் குரல் தெளிவாகிவிட்டது. விடிஞ்சு வந்து எடுத்துக்கறேன் தாயி, விடிஞ்சு வந்து எடுத்துக்கறேன் என்று ஒவ்வொன்றிடமும் பெற்ற தாயிடம் சொல்வதுபோலச் சொன்னார். இருட்டுக் கட்டும்போது தோட்டம் முழுக்க மஞ்சளாக இருந்தது. அவருக்கு முகமே மாறியிருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "மனசு லேசா இருக்கு புள்ள" என்றார். அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

விடியலில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு போனோம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். வேலிக்கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு செடிகூட நிற்கவில்லை. எல்லாம் வேரோடு பிடுங்கப்பட்டு அங்கங்கே கிடந்தன. ஒவ்வொன்றின் தண்டிலும் அவர் பல்லால் கடித்துக் கட்டிய நூல் அப்படியே இருந்தது. நொச்சியை மட்டும் கையால் பிடுங்க முடியாமல் அடியில் வெட்டிச் சாய்த்திருந்தாள். கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் மண்.

நான் கத்தினேன். "பாவி! ஊர்க் குழந்தைங்களுக்கெல்லாம் மருந்துடி அது!"

"எங்க ஊரு கொழந்தைங்களுக்கும் அதான் மருந்து" என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நேத்து நீ எத்தினி செடிகிட்ட சொல்லிட்டுப் போன? இப்ப எது முன்னால போயி நிப்ப? எனக்கு அன்னிக்கு இப்புடித்தான் விடிஞ்சுது."

அவர் சரிந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவளே எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். அவளுக்கு இப்போது அவர்மேல் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பொறுக்கி நடு. வெயிலு ஏறுனா வேரு காஞ்சிபுடும். ஒண்ணு ரெண்டு பொழைக்கும். டோசர் தடத்துல பொறுக்கி நட்டதுதான் இது அம்புட்டும்."

கால்வாயில் இறங்கிக் கையைக் கழுவினாள். அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். படியில் ஏற்கெனவே கட்டி வைத்திருந்த மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். நான் மகளைக் கீழே உட்கார வைத்துவிட்டு, ஒரு மண்கட்டியைப் பொறுக்கிப் பலம் கொண்ட மட்டும் எறிந்தேன். அது அவள் நடு முதுகில் பட்டு உடைந்தது. நின்றாள். திரும்பி வருவாள் என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு காத்திருந்தேன். ஆட்டுக்கும் அதிகாரி பெண்டாட்டிக்கும் என் புருஷனுக்கும் பதில் கொடுத்தவள், எனக்கு மட்டும் கொடுக்காமல் போவாளா?

"விடு புள்ள" என்றார் அவர். இடது கையால் குழி பறிக்க ஆரம்பித்திருந்தார். "தண்ணி கொண்டா, சீக்கிரம்."

அவள் மூட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். திரும்பவே இல்லை.

துளசியும் கற்பூரவல்லியும் பிழைத்தன. நொச்சி அடிமரத்திலிருந்து துளிர்த்தது. அவர் கையும் நாளாக நாளாகத் தேறியது. ஓய்வில் தேறியது என்று டாக்டர் சொன்னார். ஆனால் லிவரை அவர் மறுபடி தொடவில்லை. ஸ்டோர் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு, சாயங்காலமானால் தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அவளைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. நான் சொன்னாலும் எழுந்து போய்விடுவார்.

என்னால் அப்படி இருக்க முடியவில்லை. வெகுகாலம் ரோட்டில் நடக்கும்போதெல்லாம் பின்னால் காலடி கேட்டால் என் முதுகு விறைத்துக்கொள்ளும். அன்றைக்கே திரும்பி வந்து என் முதுகிலும் ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தால், அவளை நான் என்றைக்கோ மறந்திருப்பேன்.